கணினி சொன்ன சுவரும் மண் சொன்ன உண்மையும்

நகரங்களிலே நிலம் அருகி வருகின்றது. ஆதலால் மனிதன் பூமிக்குள்ளும் இறங்குகின்றான். நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடுவதற்குப் பல மாடி உயரத்துக்கு நிகரான குழி தோண்ட வேண்டியுள்ளது. அக்குழியின் இரு மருங்கிலும் மண் சரியாது தாங்குவது எது?

தோண்டுமுன்னரே கொங்கிரீட் தூண்களை நெருக்கமாக நிரையாக இறக்கிச் சுவராக்குவர். அல்லது தொடர்ச்சியான கொங்கிரீட் சுவரையே நிலத்துள் வார்ப்பர். பின்னர் சிறிது தோண்டுவதும், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே உருக்கு உத்திரங்களை முட்டுக் கொடுப்பதுமாகப் படிப்படியாக இறங்குவர். ஒவ்வொரு படியிலும் சுவர் எவ்வளவு வளையும், முட்டு எவ்வளவு பாரந் தாங்கவேண்டும் என்பவற்றைக் கணினி முன்கூட்டியே கணக்கிடுகின்றது. மண்ணையும் சுவரையும் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, அவை ஒன்றையொன்று தள்ளும் விதத்தை அது ஆராயும். ஆயினும் மண்ணின் இயல்பு இன்னதென்று அதற்கு எடுத்துரைப்பவன் மனிதனே.

2004 ஏப்ரல் 20ஆம் திகதி, சிங்கப்பூரிலே நிக்கல் நெடுஞ்சாலையருகே, ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டப்பட்ட இத்தகைய குழியொன்று இடிந்து வீழ்ந்தது. நால்வர் மாண்டனர். தொழிலாளரை வெளியேறச் செய்த மேற்பார்வையாளர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார், அவருடல் மீட்கப்படவேயில்லை.

விசாரணைக் குழு 2005இல் காரணங்களை வெளியிட்டது. அவ்விடத்து மண் மென்மையான கடற்களிமண். அதிலுள்ள நீர் விரைவில் வெளியேறாது. ஆதலால் மேலும் அழுத்தம் ஏறினும் மண் இறுகி வலிமை பெறுவதில்லை. கணினியில் கையாண்ட முறையோ, களிமண்ணுக்கு இல்லாத வலிமையை இருப்பதாகக் கொண்டது. அதனால் சுவரின் வளைவு உண்மையில் ஏறத்தாழப் பாதியாகவே மதிக்கப்பட்டது. முட்டுகளைச் சுவரோடு பிணைத்த உருக்கு இணைப்புகளும் வேண்டிய வலிமையிற் குறைந்திருந்தன.

சுவர் மௌனமாக இருக்கவில்லை என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. அளவுக் கருவிகள், கணக்கை மீறிய அசைவை முன்னரே காட்டின. கணக்கையே ஐயுறாது, இலக்கங்களைத் திருத்தி வேலை தொடர்ந்தது.

பின்னர் நிலையம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, 2010இல் திறக்கப்பட்டது. ஆழத் தோண்டல்களின் வடிவமைப்பைச் சுயேச்சையான பொறியியலாளர் பரிசோதிக்கும் விதிகளும் கடுமையாயின.

பொறியியல் கற்க விழையும் நம் மாணவச் செல்வங்களே! கணினி நல்ல பணியாள். நாம் கொடுத்ததையே அது பெருக்கித் தரும். கணக்கும் களமும் முரண்படும் வேளையில் களத்துக்கே செவிசாயுங்கள். குழியின் அடியிலே நிற்பவர் உயிர் அதிலேதான் தங்கியுள்ளது.