கடல் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல்

வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து போனால் என்ன செய்வோம்? குழந்தைகளை நாலு அதட்டு அதட்டிவிட்டு, சில்லுகளைப் பெருக்கித் தள்ளி, ஓர் அட்டையை வைத்து மறைப்போம். மறுநாள் ஆள் வந்து புதுக் கண்ணாடி பொருத்திவிட்டுப் போவான். அத்தோடு விஷயம் முடிந்தது.

1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ந் தேதி இரவு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு சின்ன வட்ட ஜன்னலின் கண்ணாடி உடைந்தது. பொழுது விடிவதற்குள் 84 பேரின் உயிர் போயிற்று.

கானடா தேசத்தின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. மீன் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஜனங்கள். வடக்கேயிருந்து உறைகுளிராக ஒரு நீரோட்டமும், தெற்கேயிருந்து வெதுவெதுப்பாக இன்னொரு நீரோட்டமும் அந்தத் தீவின் தென்கிழக்கே வந்து மோதிக்கொள்கின்றன. இரண்டும் சேரும் இடத்தில் மூடுபனி கிளம்புகிறது. எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி! மாரிக்காலத்தில் புயல்; வசந்த காலம் பிறந்தால் கிரீன்லாந்திலிருந்து பனிமலைகள் மிதந்து வரத் தொடங்கும். 1912-இல் டைட்டானிக் கப்பலுக்கு யமனாக வந்த பனிமலையும் இந்த வழியாக வந்ததுதான்.

இப்பேர்ப்பட்ட கடலின் அடியில்தானா பூமாதேவி எண்ணெயை ஒளித்து வைக்க வேண்டும்? 1979-இல் ஹைபர்னியா என்ற இடத்தில் எண்ணெய் இருப்பது தெரிந்தது. உடனே துளை போடும் யந்திரங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஓஷன் ரேஞ்சர்'. ஜப்பானில் கட்டப்பட்டது, சுமார் 400 அடி நீளம். அது கப்பலும் அல்ல, தீவும் அல்ல. நீருக்கு அடியில் இரண்டு நீளமான மிதவைகள். அவற்றின் மேல் எட்டுத் தூண்கள். தூண்களின் மேல் ஒரு தளம். நாலு திசைகளிலும் நங்கூரம் பாய்ச்சி அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 110 அடி உயர அலையையும் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது அது.

இப்படி மிதப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலிக் குடத்தைக் கிணற்றில் விட்டால் அது இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி தண்ணீர் புகுந்துவிட்டால் அடங்கி, ஆழ்ந்து, நிதானமாக நிற்கும். அதே தத்துவந்தான் இங்கும். மிதவைகளுக்குள் பல தொட்டிகள். எந்தத் தொட்டியில் எவ்வளவு கடல் நீர் இருக்க வேண்டும் என்பதை ஓர் அறையிலிருந்து விசைகளைக் கொண்டு நிர்வகிப்பார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடிப் போனாலும் தளம் முழுதும் சாய்ந்துவிடும். அந்த நிர்வாக அறையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? தூண் ஒன்றின் உள்ளே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 28 அடி உயரத்தில்! தூண்களில் எழுதியிருக்கும் நீர்மட்டக் குறிகளை எட்டிப் பார்க்க வேண்டுமே என்று வட்ட ஜன்னல்களும் வைத்தார்கள். ஜன்னல்களுக்கு இரும்பு மூடிகள் உண்டு. அன்று இரவு அந்த மூடிகள் மூடப்படவில்லை.

அலை மோதியது. கண்ணாடி உடைந்து உப்பு நீர் உள்ளே புகுந்து விசைப் பலகையை நனைத்தது. "கண்ணாடி உடைந்துவிட்டது, சுத்தம் செய்கிறோம்" என்ற மாதிரிப் பேச்சு ரேடியோவில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. யாரும் பெரிதாகப் பதறவில்லை. ஆனால் மின்சாரமும் உப்பு நீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? பலகை தன்னிஷ்டப்படி வேலை செய்யத் தொடங்கியது. பிறகு நடந்த விசாரணையில், அங்கிருந்தவர்கள் பித்தளைக் கம்பிகளைச் செருகிக் கையாலேயே வால்வுகளை மூட முயன்றார்கள் என்றும், மூடுவதாக எண்ணித் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்படி ஒரு சங்கடம் நேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சரிவரச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யந்திரத்துக்குக் கோடிக் கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்கள் இதற்கு நாலு நாள் பாடம் நடத்தியிருக்கக் கூடாதா?

தளம் முன்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததும், நங்கூரச் சங்கிலி வைக்கும் அறைகளின் திறந்த வாய்கள் அலைகளுக்கு எட்டிவிட்டன. அவை வழியாகவும் தண்ணீர் கொட்டியது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன்பு ஆபத்துச் செய்தி வந்தது. ஒன்றரை மணிக்கு, "உயிர்ப் படகுகளுக்குப் போகிறோம்" என்று கடைசிச் செய்தி. மூன்று மணிக்கு மேல் 'ஓஷன் ரேஞ்சர்' அங்கே இல்லை.

துணைக் கப்பல் ஒன்று அந்தப் புயலிலும் வந்து சேர்ந்தது. ஓர் உயிர்ப் படகைக் கண்டுபிடித்து, கயிறும் கட்டியாகிவிட்டது. படகிலிருந்தவர்கள் வெளியே வந்து ஒரு பக்கமாக நின்றார்கள். படகு கவிழ்ந்துவிட்டது! தண்ணீர் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர். எறிந்த கயிற்றைப் பிடிக்க அவர்களுடைய விரல்கள் மடங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்களைக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க நேர்ந்தது. 84 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கிடைத்த உடல்கள் 22. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவின் பிள்ளைகள். கணவன் வீடு திரும்பும் நாளைக் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்த பெண்களில் பலருக்கு, அழுது அடக்கம் செய்யக்கூட உடல் கிடைக்கவில்லை.

அதே இரவு, அதே கடலில், அதே புயலில் இன்னும் இரண்டு துளை யந்திரங்கள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டும் பிழைத்துவிட்டன. ஆகவே புயல் மட்டும் செய்த கொலை அல்ல இது.

கடலில் கட்டடம் கட்டும் என்ஜினீயர்கள் 'நூறு வருஷ அலை' என்று ஒன்றைச் சொல்லுவார்கள். நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வருவது என்று அர்த்தம் செய்துகொண்டு, "போன வருஷம் வந்துவிட்டது, இனி 99 வருஷம் நிம்மதி" என்று தூங்கிவிடக் கூடாது. ஒரு குடத்தில் நூறு சீட்டுகளைப் போட்டு, ஒன்றில் மட்டும் 'அலை' என்று எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, அதை மறுபடி குடத்திலேயே போட்டுவிட வேண்டும். இதுதான் கணக்கு. முப்பது வருஷம் கடலில் நிற்கிற கட்டடத்துக்கு அந்தச் சீட்டு வந்து வாய்ப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! அதனால் நூறு சீட்டோடு விடாமல், பதினாயிரம் சீட்டுக் குடத்தையும் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள்.

கணக்கை மீறியும் கடல் விளையாடும். 1995 ஜனவரி முதல் தேதி, நார்வே நாட்டுக் கடலில் டிராப்னர் என்ற மேடையில் இருந்த அளவுக் கருவி, 25.6 மீட்டர் உயரமுள்ள ஓர் அலையைப் பதிவு செய்தது. அப்போது சுற்றிலும் வந்துகொண்டிருந்த பெரிய அலைகளின் உயரம் சராசரியாக 12 மீட்டர் அளவில்தான் இருந்தது. மாலுமிகள் 'ராட்சஸ அலை'யைப் பற்றிக் கதை சொன்னபோதெல்லாம் சிரித்த விஞ்ஞானிகள் அதற்குப் பிறகு சிரிப்பதில்லை.

பெரிய அலைக்குத்தான் பயப்பட வேண்டும் என்றும் இல்லை. பத்து விநாடிக்கு ஒன்று என்று வைத்தாலும் வருஷத்துக்கு முப்பது லட்சம் அலைகள். கொண்டை ஊசியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு சமயம் 'டக்'கென்று ஒடிகிறதல்லவா? இரும்புக்கும் அந்தக் கதிதான். 1980 மார்ச் 27-இல் வடகடலில் 'அலெக்ஸாண்டர் கீலாண்ட்' என்ற மிதக்கும் விடுதி கவிழ்ந்து 123 பேர் மாண்டார்கள். சிறு கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகச் செய்த பற்றவைப்பில் விழுந்த கீறல், நாளடைவில் வளர்ந்து ஒரு காலையே கழற்றிவிட்டது.

நியூபவுண்ட்லாந்துக்குத் திரும்புவோம். அங்கே அலையோடு பனிமலையும் அல்லவா சேர்ந்துகொள்கிறது! ஹைபர்னியாவில் கடைசியாக என்ன செய்தார்கள் என்றால், மிதக்கவே வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். கரையோரமாகக் கான்கிரீட்டில் ஒரு கோட்டை கட்டி, 1997-இல் அதை இழுத்துக்கொண்டு போய், 80 மீட்டர் ஆழத்தில் கடலின் தரையில் உட்கார்த்தி வைத்தார்கள். இரும்புத் தாதுவை உள்ளே கொட்டி நிரப்பினார்கள். மொத்த எடை பத்து லட்சம் டன்னுக்கு மேல். கோட்டையைச் சுற்றிலும் ரம்பத்தின் பற்களைப் போல 16 கான்கிரீட் பற்கள். பத்து லட்சம் டன் பனிமலை வந்து மோதினாலும் சேதம் இராது. அறுபது லட்சம் டன் மோதினால் பழுது பார்க்கும் அளவோடு போய்விடும். அப்படித் திட்டமிட்டுக் கட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் எண்ணெய் வரத் தொடங்கியது.

ஆனாலும், மோதட்டும் பார்க்கலாம் என்று சும்மா இருப்பதில்லை. பனிமலை வருவது தெரிந்தால் ஒரு கப்பல் புறப்படும். மிதக்கும் நீளக் கயிற்றை மலையைச் சுற்றிப் போட்டு, அலங்காரத் தேரை இழுப்பது போல மெல்ல, மணிக்கணக்காக இழுக்கும். நிறுத்துவதற்காக அல்ல, போகிற வழியிலிருந்து கொஞ்சம் திருப்பி விட்டால் போதும். அவசரப்பட்டால் கயிறு நழுவும், அல்லது மலையே புரண்டுவிடும். வழுக்கும் சிறு மலைகளுக்கு வலை போடுவார்கள். இன்னும் சிறியவற்றைத் தண்ணீரைப் பீய்ச்சியே தள்ளி விடுவார்கள். பனிமலையின் பெரும் பகுதி நீருக்குள் இருப்பதால், சில சமயம் அதன் அடிப்பாகம் கடல் தரையை உழுதுகொண்டே வரும். அதனால் அருகில் உள்ள வேறு எண்ணெய்க் கிணறுகளில், கிணற்று வாயைத் தரைக்கு மேல் வைக்காமல் பள்ளம் தோண்டி அதற்குள் பதித்திருக்கிறார்கள்.

அந்தக் கிணறுகளுக்கு மேலே நிற்பது கோட்டை அல்ல, கப்பல். பனிமலை நெருங்கினால் குழாய்களைக் கழற்றிவிட்டு ஓடிவிடலாம் என்பது ஏற்பாடு.

இன்று வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் குளிர் நீர் புகாத உடுப்பு உண்டு. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் எப்படித் தப்புவது என்பதற்கும் பயிற்சி உண்டு. மாதிரிக் கூண்டு ஒன்றில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் தலைகீழாக அமிழ்த்திவிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். 1982-க்குப் பிறகு விசாரணைக் கமிஷன் எழுதிய அறிக்கைகளால் வந்த மாறுதல்கள் பல.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 மார்ச் மாதம் 'ஸீ ரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பலை நோக்கி ஒரு பனிமலை வந்தது. குழாயைக் கழற்றிக்கொண்டு விலக வேண்டும் என்று விதி. கழற்றவில்லை. கப்பலில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பீப்பாய் எண்ணெய். மோதலுக்குத் தயாராக இருக்கும்படி உள்ளே இருந்தவர்களுக்கு உத்தரவாயிற்று. பனிமலை 180 மீட்டர் அருகில் வந்து, தன் வழியே விலகிப் போயிற்று. 2018 ஜனவரியில் அதிகாரிகள் அந்தக் கப்பலின் வேலையைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள்.

பனிமலை வந்த அன்று கப்பலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரணைக் குறிப்பில் இருக்கிறது. 84 பேர்.