மலையைப் பிளந்த நீர்வழி

உரோமாபுரியின் வரலாற்றைப் படிக்குந்தோறும், பேரரசர்தம் படையெடுப்புகளைக் காட்டிலும் சிற்றூர்களின் நீர் வழக்குகளே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வன. அத்தகைய ஊர்களுள் ஒன்று றேயாற்றே. உரோமாபுரிக்கு வடகிழக்கே, உப்பு வணிகர் நடந்த சலாரியப் பெருவழியில் அமைந்த சபீனரின் பழம்பதி அது. இன்று றியேற்றி என வழங்குகின்றது. அறிஞன் வாறோவாலும், உயர்சாதிக் கழுதைகளாலும் ஒருங்கே புகழெய்திய ஊர் என்றால் நகைக்க வேண்டா. அக்கழுதைகளின் சிறப்பைத் தன் வேளாண் நூலில் எடுத்துரைத்தவனே வாறோதான்.

கி. மு. 290இல் சபீனரை வென்றடக்கியவன் மானியஸ் கூரியஸ் தெந்தாத்தஸ் என்னும் உரோமத் தலைவன். வென்ற மண்ணில் அவன் செய்த மற்றொரு செயலே இன்றளவும் நிலைத்திருப்பது. வெலீனோ நதியின் நீர் வெளியேற வழியின்றிச் சமவெளியெங்கும் தேங்கிச் சதுப்பாய்க் கிடந்தது. கி. மு. 271இல் அவன் பாறையை வெட்டி வாய்க்கால் அமைத்து, அந்நீரை மலைவிளிம்பிலிருந்து கீழேயுள்ள நார் நதியில் விழச் செய்தான். சதுப்பு நிலம் விளைநிலமாயிற்று. 165 மீற்றர் உயரமுள்ள மார்மோறே நீர்வீழ்ச்சி இவ்வாறு மனிதர் கையாற் பிறந்ததே.

ஆனால் மேட்டூரின் வடிகால் பள்ளத்தூருக்கு வெள்ளமன்றோ? நார் நதிக்கரையிலிருந்த இன்ரெராம்னா நகரத்தார் வழக்குத் தொடுத்தனர். கி. மு. 54இல் றேயாற்றே மக்களுக்காக வாதாட வந்தவன் நாவலனாகிய சிசரோ. நண்பன் அத்திக்கசுக்கு எழுதிய கடிதத்தில், வடிகாலால் வறண்ட வயல்களில் எஞ்சியிருந்த ஈரத்தைக்கூட அவன் குறித்துள்ளான். வழக்கறிஞரின் கண்ணுக்கு எதுதான் தப்பும்!

கி. பி. 15இல் தைபர் நதி பெருக்கெடுத்து உரோமாபுரியின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. தைபரிற் கலக்கும் நதிகளைத் திசைதிருப்பலாமா, வெலீனோ நீரின் வாயிலை அடைக்கலாமா என மூதவை ஆராய்ந்தது. நாரைப் பிரித்தால் தம் வயல்கள் அழியுமென இன்ரெராம்னா மக்கள் முறையிட்டனர். வாயிலை அடைத்தால் தம் நிலம் நீரில் மூழ்குமென றேயாற்றே மக்கள் முறையிட்டனர். பழம்பகைவர் இருவரும் இப்பொழுது ஒரே பக்கம்! நதிகளின் தோற்றத்தையும் போக்கையும் இயற்கையே வகுத்திருக்க, அதனைக் குலைத்தல் தகாதென்றும் அங்கே வாதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியன் தாசிற்றஸ் எழுதுகின்றான். இயற்கை வகுத்ததாகக் கொள்ளப்பட்ட அவ்வாயிலோ, 285 ஆண்டுகளுக்கு முன் உளிகொண்டு பிளந்தது. இதனை மூதவையில் எவரேனும் எடுத்துக்காட்டினரா என அறிய எனக்குப் பேராவல்.

மூதவை எதனையும் மாற்றாது விட்டது. அதே நீர் இன்று மின்னாக்கத்துக்குத் திருப்பப்படுகின்றது. குறித்த நேரங்களில் மதகு திறக்கப்படும்பொழுதே மார்மோறே முழுப் பெருக்குடன் விழுகின்றது.