காற்பந்து நாயகன் மட்டை பிடித்த கதை

டிம் டீபோ என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அமெரிக்காவில் ஒரு காலகட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கல்லூரிக் காற்பந்தில் கொடிகட்டிப் பறந்த அந்த இளைஞர், தமது 29ஆம் வயதில், உயர்நிலைப் பள்ளிக் காலத்திற்குப் பிறகு ஆட்டத்தில் எடுக்காத பேஸ்பால் மட்டையை மீண்டும் கையில் எடுத்தார். சிலர் கைதட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். இது வெறும் விளம்பரம் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு விளையாட்டில் உச்சம் தொட்டவர் இன்னொரு விளையாட்டுக்குப் போனால் எதை உடன் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போக முடியாது? அதைப் புரிந்துகொள்ள டீபோவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இங்கே காற்பந்து என்பது நாம் மாலை நேரத்தில் திடலில் ஆடும் காற்பந்து அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, இரண்டு முனையும் கூர்மையான பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதித் தள்ளிக்கொண்டு ஆடும் அமெரிக்கக் காற்பந்து. அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. பந்தை யாரிடம் வீசுவது, தானே ஏந்தி ஓடுவதா என்பதையெல்லாம் கண நேரத்தில் தீர்மானிப்பவர் அவர். டீபோ அந்த இடத்தில் ஆடியவர்.

புளோரிடா பல்கலைக்கழகத்திற்காக ஆடிய அவர் 2007இல் ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அது கல்லூரிக் காற்பந்தின் ஆக உயரிய விருது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. 2010இல் டென்வர் பிராங்கோஸ் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. 2011 பருவத்தின் நடுவில் தோற்றுக்கொண்டிருந்த அந்தக் குழுவின் பொறுப்பை ஏற்று, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வெற்றியைப் பறித்துக்கொண்டு வருவதை வாடிக்கையாக்கினார். 2012 ஜனவரியில் பிட்ஸ்பர்க் குழுவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் வீச்சிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தார். இத்தனைக்கும் அவருடைய வீச்சு நம்பகமானது அல்ல. 2011இல் அவர் வீசிய பந்துகளில் பாதிகூடச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைக் குழுக்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே டென்வர் அவரை நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு இரண்டு குழுக்கள் பருவம் தொடங்குவதற்கு முன்பே அவரை விடுவித்தன. 2015உடன் காற்பந்துக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

2016 ஆகஸ்ட் மாத இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தேர்வோட்டம் நடந்தது. பேஸ்பால் குழுக்களின் தேர்வாளர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பயிற்சிக்காக மெதுவாகப் போடப்பட்ட பந்துகளை டீபோ வெகு தூரம் அடித்து அனுப்பினார். ஆனால் தொழில்முறையில் ஆடி அனுபவம் பெற்ற வீசுநர்கள் வந்து வீசியதும் தடுமாறினார். கதையின் மையமே இதுதான். நியூயார்க் மெட்ஸ் குழு 100,000 அமெரிக்க டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது.

ஏன் தடுமாற்றம்? பலத்திற்கா பஞ்சம்? அன்று அவர் எடை ஏறத்தாழ 115 கிலோ. ஓட்டமும் நல்ல ஓட்டம். அடித்தால் பந்து வேலியைத் தாண்டும். சிக்கல் கையில் இல்லை, கண்ணில்.

பேஸ்பாலில் வீசுநர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் தட்டு வரை 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். மட்டையைச் சுழற்றுவதற்கே அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆகவே அடிப்பதா விடுவதா என்ற முடிவைப் பந்து பாதி வழியில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் மட்டை தட்டையானது. பேஸ்பால் மட்டை உருளை. உருண்டைப் பந்தை உருளை மட்டையால் நடுவில் சந்திக்க வேண்டும். விரலளவு தவறினாலும் பந்து வானத்துக்கோ தரைக்கோ போய்விடும். கிரிக்கெட்டில் நல்ல பந்துகளைத் தடுத்தாடிக்கொண்டே நாளைக் கழிக்கலாம். இங்கே மூன்று தவறு செய்தால் வெளியே போக வேண்டியதுதான். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இந்த அவதி கொஞ்சம் புரியும்.

அதற்கு மேல் ஏமாற்று வித்தை வேறு. வேகமாக வருவதுபோல் புறப்பட்டு மெதுவாக வரும் பந்து, நேராக வந்து கடைசி நேரத்தில் கீழே வளையும் பந்து, பக்கவாட்டில் நழுவும் பந்து. வீசுநரின் தோள், மணிக்கட்டு, பந்தின் தையல் சுழலும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மட்டையாளர் ஊகிக்கிறார். இந்த ஊகம் பாடப்புத்தகத்தில் படித்து வருவதன்று. ஆயிரமாயிரம் பந்துகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுவது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் 18 வயதிலிருந்து 23, 24 வயது வரை இதற்காகவே கீழ்நிலை லீக்குகளில் உழைக்கிறார்கள். டீபோவின் அந்த ஆண்டுகள் காற்பந்துக்குப் போயின. விட்ட ஆண்டுகளைப் பணம் கொடுத்து வாங்க முடியாதல்லவா?

போ ஜாக்சன், டீயோன் சாண்டர்ஸ் இரண்டு விளையாட்டிலும் சாதிக்கவில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. சாதித்தார்கள். போ ஜாக்சன் 1989இல் பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஆனால் அவர்கள் பேஸ்பாலை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் அல்லர். இரண்டையும் இணையாக ஆடிக்கொண்டே வளர்ந்தவர்கள். டீபோவுக்குப் பொருத்தமான ஒப்பீடு கூடைப்பந்து மன்னர் மைக்கல் ஜோர்டன்தான். 1994இல் 31 வயதில் அவர் பர்மிங்ஹம் பேரன்ஸ் குழுவுக்கு ஆடினார். 127 ஆட்டங்கள், மூன்று ஹோம் ரன், அடிப்புச் சராசரி 0.202. அதாவது ஆயிரம் முயற்சிக்கு 202 முறைதான் பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை அடைந்திருக்கிறார். பத்துக்கு மூன்று என்றால் சிறந்த மட்டையாளர் என்பது இந்த விளையாட்டின் கணக்கு. 1995இல் ஜோர்டன் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார்.

டீபோவின் தொடக்கம் சினிமா மாதிரி இருந்தது. 2017 ஏப்ரலில் கொலம்பியா ஃபயர்ஃபிளைஸ் குழுவுக்காக மட்டை பிடித்த முதல் முறையே ஹோம் ரன். நடுப்பருவத்தில் அடுத்த நிலைக்கு உயர்த்தினார்கள். அங்கும் முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். 2018இல் டபுள் ஏ நிலையில் பிங்ஹம்டன் குழுவுக்குப் போனார். முதல் பந்தே ஹோம் ரன்! ஆனால் முதல் நாள் வேறு, 126ஆவது நாள் வேறு. 2017இல் ஆடிய 126 ஆட்டங்களில் 126 முறை மூன்று தவறு செய்து வெளியேறியிருக்கிறார். சராசரி 0.226.

என் கணிப்பில் அவருடைய உண்மையான சாதனை அந்த மூன்று ஹோம் ரன்களும் அல்ல, 2018இன் சராசரிதான். 84 ஆட்டங்களில் 0.273. ஜோர்டன் 0.202 எடுத்தாரே, அதே டபுள் ஏ நிலை. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த லீக்கின் நட்சத்திர ஆட்டத்திற்கும் தேர்வானார். அந்த ஜூலையில் வலது கையில் ஒரு சிறிய எலும்பு முறிந்து பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டு மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே உள்ள டிரிப்பிள் ஏ நிலையில் சிரக்யூஸ் குழு. அங்குள்ள வீசுநர்களில் பலர் மேஜர் லீக்கில் வீசிவிட்டு வந்தவர்கள். மட்டையாளர் எந்தப் பந்துக்கு ஏமாறுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். 77 ஆட்டங்கள், சராசரி 0.163. மறுபடியும் கைக்காயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் நியாயமாகாது. கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்களின் ஊதியம் அப்போது மிகக் குறைவு. 2021இல் உயர்த்தப்படும் வரை முதல் நிலைகளில் குறைந்தபட்சம் வாரத்திற்கு 290 டாலர், அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். சிறு வயது முதல் பேஸ்பாலே கதியென்று கிடந்த இளைஞர்கள் அந்தச் சம்பளத்தில் ஒரே வீட்டில் பலராகத் தங்கி, ஓர் இடத்திற்காகக் காத்துக்கிடந்தார்கள். டீபோ நின்ற இடம் அவர்களில் ஒருவருடையது என்ற முணுமுணுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. அதே வேளையில் அவர் ஆடிய ஊர்களிலெல்லாம் கூட்டம் அலைமோதியது. அவர் பெயர் போட்ட சட்டைகள் விற்றுத் தீர்ந்தன. பேஸ்பால் ஒரு பொழுதுபோக்கும்தான் என்று மெட்ஸ் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. என்னைக் கேட்டால், குறை குழுவின் கணக்கில் இருக்கிறதே தவிர முயன்ற மனிதரிடம் இல்லை. பேருந்தில் மணிக்கணக்காகப் பயணம் செய்து, சிற்றூர்த் திடல்களில் இருபது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் வட்டாரத்தோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. சமயப் பணிக்காகப் பிலிப்பீன்ஸ் சென்ற பெற்றோருக்கு மணிலா வட்டாரத்தில் பிறந்தவர் டீபோ. அந்த உரிமையில் 2020 மார்ச்சில் நடைபெறவிருந்த உலக பேஸ்பால் தகுதிச்சுற்றுக்குப் பிலிப்பீன்ஸ் அணியில் இடம்பெற்றார். கொரோனா கிருமித்தொற்றால் அந்தச் சுற்று தள்ளிப்போனது. அவ்வாண்டின் கீழ்நிலை லீக் பருவம் முழுவதும் ரத்தானது. 33 வயதில் ஓராண்டு ஆட்டம் இல்லாமல் போவது சிறிய இழப்பன்று. 287 ஆட்டங்கள், 18 ஹோம் ரன், மொத்தச் சராசரி 0.223 என்ற கணக்கோடு, மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், 2021 பிப்ரவரியில் பேஸ்பாலுக்கு விடை கொடுத்தார்.

சில மாதங்களில் ஜேக்சன்வில் ஜாகுவார்ஸ் காற்பந்துக் குழுவின் பயிற்சி முகாமில் நின்றார். இம்முறை குவார்ட்டர்பேக் அல்ல, அவர் அதுவரை தொழில்முறையில் ஆடிப் பழகாத டைட் எண்ட் என்ற இடத்திற்கு. ஆகஸ்டில், பருவம் தொடங்கும் முன்பே, அக்குழு அவரை விடுவித்தது.