ஒரு டம்ளர் காப்பியில் ஒத்துக்காதது எது?

வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, ரத்தசோகை, சர்க்கரை. நோய் எதுவானாலும் முதல் பழி காப்பி மேலதான் விழும். "காப்பிய நிறுத்திப் பாருங்க" என்று வீட்டுக்கு வருகிறவர் எல்லாரும் யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். நிறுத்தினவர் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். பதினோராம் நாள் பழைய டம்ளர் திரும்ப வந்துவிடும், பழைய தொந்தரவும் கூடவே வந்துவிடும்.

பயிரில் இலை மஞ்சளானால் நாம் இப்படியா செய்கிறோம்? தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்குதா, நூற்புழுவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். காரணம் தெரிந்த பிறகுதான் வைத்தியம். காப்பிக்கும் அதே முறைதான் சரி. டம்ளரில் இருப்பது ஒரே பொருள் அல்ல. காப்பிக்கொட்டை, சிக்கரி, பால், இனிப்பு என்று நாலு பொருள் இருக்கு. எந்த வேளையில் குடிக்கிறோம், எதில் ஊற்றிக் குடிக்கிறோம் என்பது இன்னும் ரெண்டு. இந்த ஆறில் உங்கள் உடம்புக்கு ஆகாதது எது என்று தெரிந்தால், அதை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை அனுபவிக்கலாம்.

எல்லையோரப் பழக்கம்

நம்ம பகுதிக்குக் காப்பி பக்கத்து வீட்டுச் சரக்கு. எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். நாட்டின் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கேதான், குடகிலும் சிக்மகளூரிலும் ஹாசனிலும் விளைகிறது. தெற்கே இறங்கினால் ஏற்காட்டு மலையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே காப்பித் தோட்டம் உண்டு. ஆனாலும் நம் பாட்டன் பூட்டன் காலையில் குடித்தது காப்பி அல்ல. ராகிக் கூழும் நீராகாரமும்தான். தமிழ்நாட்டு வீடுகளுக்குள் காப்பி எப்படி நுழைந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. தளி, கெலமங்கலம், சூளகிரி பக்கத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். பகலில் தோட்டம், ராத்திரி ஷிப்டு என்று ரெண்டு வேலை பார்க்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அந்த வீடுகளில் காப்பி ருசிக்காகக் குடிப்பது பாதி, கண் சொக்காமல் இருக்கக் குடிப்பது பாதி.

பால்: நாட்டு மாடானாலும் லாக்டோஸ் உண்டு

காப்பி குடித்து ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் வயிறு பொருமுதா? கடகடன்னு சத்தம், சில நேரம் பேதி? அப்படியானால் முதலில் பாலைச் சந்தேகப்படுங்கள். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் நொதி குழந்தைப் பருவத்தில் நிறைய சுரக்கும். வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடும். இது நோய் அல்ல, உலகத்தில் பெரும்பாலான மனிதருக்கு இயல்பான உடம்பு வாகு.

இங்கே நம் இயக்கத்தார் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். "நாட்டு மாட்டுப் பால்தான், ஏ2 பால்தான், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்கிறோம். ஏ2 என்பது பாலில் உள்ள புரதத்தைப் பற்றிய பேச்சு. லாக்டோஸ் ஆலம்பாடிப் பசுவிலும் உண்டு, கலப்பினப் பசுவிலும் உண்டு, எருமையிலும் உண்டு. எதை எடுத்தாலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம். 1824-லேயே கால்நடைப் பண்ணை தொடங்கிய மண் நம் ஓசூர். நாட்டு மாடுகளைக் காப்பாற்ற எத்தனையோ நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இல்லாத குணத்தைச் சொல்லி விற்க வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்குகிறார்கள். ஒரு டம்ளர் காப்பியில் 100 மில்லி பால் சேர்ந்தாலும் 5 கிராம்தான். ஆக ஒரு காப்பி பலருக்குச் சும்மா இருக்கும், நாளைக்கு ஐந்தாறு ஆகும்போதுதான் வயிறு முறையிடும். தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் அவை இவர்களுக்குத் தொந்தரவு தருவது குறைவு. பால் குடித்தவுடன் உடம்பு தடித்து அரிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வேறு. அது பால் ஒவ்வாமை. வீட்டில் சோதனை செய்யக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

சிக்கரி: ஒருவருக்கு நண்பன், ஒருவருக்குப் பகை

பாலை நிறுத்தியும் உப்புசம் நிற்கவில்லையா? பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். காப்பித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்து அரைத்தால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும், விலையும் குறைவு.

சிக்கரி வேரில் இனுலின் என்ற நார்ச்சத்து நிறைய உண்டு. குடல் நன்றாக இருப்பவருக்கு அது நல்லது. எளிதில் வாயு சேரும் குடல்காரருக்கு அதுவே உப்புசம். ஆனால் சிக்கரியில் காஃபின் கிடையாது. அதனால் தூக்கம் கெடுகிறவருக்குச் சிக்கரி கலந்த தூள் உதவும், வயிறு பொருமுகிறவருக்குச் சுத்தக் காப்பித்தூள் உதவும். இன்னொரு விஷயம்: சிக்கரி சாமந்திக் குடும்பத்துச் செடி. சாமந்தித் தோட்டத்தில் இறங்கினாலே அரிப்பும் தும்மலும் வருகிறவர்கள் சிக்கரி விஷயத்தில் கவனமாக இருப்பது நல்லது.

தூளைச் சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே தூளை மெல்லத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி உடனே கீழே இறங்கும், இறங்கும் வழியெல்லாம் பழுப்பாகக் கோடு போடும்.

கொட்டையும் தூக்கமும்

அரபிகா கொட்டையில் காஃபின் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் அதைப்போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு. படபடப்பு வருகிறவர்கள் தூள் வாங்கும்போது "அரபிகாவா, ரொபஸ்டாவா?" என்று கேட்டு வாங்கலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வடித்த காப்பி 150 மில்லியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கிறது என்பதும் அதே கணக்கு. ஆக நாளைக்கு மூன்று டம்ளரோடு வரம்பு வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. ராத்திரி ஷிப்டு முடித்துக் காலை 7 மணிக்குப் படுக்கிறவர் விடியற்காலை 4 மணிக்குக் காப்பி குடித்தால், தூக்கத்தை அவரே விரட்டுகிறார். ஷிப்டின் முதல் பாதியோடு காப்பியை முடித்துக்கொள்வது அவருக்கு நல்லது.

நெஞ்செரிச்சல்காரர்களுக்கு: காப்பி வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும், உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்தும். வெறும் வயிற்றில் வேண்டாம், குடித்தவுடன் படுக்கவும் வேண்டாம். பெங்களூரு வழக்கமான 'பை டூ' இங்கே கைகொடுக்கும். ஒரு காப்பியை ரெண்டு பேர் பிரித்துக் குடித்தால் பேச்சும் முழுசு, ருசியும் முழுசு, காஃபின் மட்டும் பாதி.

களி சாப்பிட்ட கையோடு காப்பி வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், 53 சதவீதம். களை எடுக்கவும் பூப் பறிக்கவும் விடியற்காலையில் கிளம்புகிற நம் வீட்டுப் பெண்களும் இதில் சேர்த்திதான். அவர்கள் களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு ஒரு காப்பி குடித்துவிட்டு ஓடுகிறார்கள்.

காப்பி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தைக் கட்டிப்போடும். 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ என்றால் 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பி எதையும் குறைக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் அதே அளவு குறைந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காப்பி, டீயைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆகவே காப்பியை முன்னால் தள்ளுங்கள். வயிறு தாங்கினால் எழுந்தவுடன் காப்பி, ஒரு மணி நேரம் கழித்துக் களி. நெஞ்செரிச்சல் உள்ளவர் என்றால் சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது போகட்டும். களியோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கவே கூடாது. தைராய்டு மாத்திரையையும் தண்ணீரில்தான் போட வேண்டும். காப்பி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து.

இனிப்பும் கோப்பையும்

காப்பிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். நாளைக்கு ஐந்து காப்பி என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பே அவ்வளவுதான், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்கிறது. காப்பியிலேயே அது முடிந்துபோகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை நோயாளிக்குக் கணக்கு மாறாது. அவற்றில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, வாசம் உண்டு. ஆனால் அதுவும் சர்க்கரைதான். வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்து வந்தால் நாக்கு தானே பழகிக்கொள்ளும்.

கோப்பை விஷயம்: உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாக 2021-ல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு கண்டது. இந்தக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வேலைக்குப் போகிறவர்கள் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் போட்டுக்கொண்டால் முடிந்தது.

நம்ம நிலத்துப் பால்

பால் ஆகாதவர்களுக்கு எளிய வழி கறுப்புக் காப்பி. கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் தேங்காய்ப் பால் இருக்கு. டிகாக்‌ஷனைச் சூடாக்கி, இறக்கிய பிறகு வெதுவெதுப்பான தேங்காய்ப் பாலை ஊற்றுங்கள். சேர்த்துக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். ராகியை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலும் ஆகும். மிதமான தீயில் கிளறிக் காய்ச்சி, டம்ளருக்குக் கால் பங்கு சேர்த்தால் போதும். மிஞ்சினால் கூழாகிவிடும். தேங்காய்ப் பாலில் சுண்ணாம்புச்சத்து குறைவு. அதை ராகியிலும் கீரையிலும் மோரிலும் ஈடுகட்டுங்கள். சாயங்காலத்துக்குச் சுக்கு மல்லிக் காப்பி. பெயரில்தான் காப்பி, காஃபின் துளியும் இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் வாரம் எதையும் மாற்றாமல், எத்தனை மணிக்கு என்ன காப்பி, அதன்பின் உடம்பு எப்படி என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த ரெண்டு வாரம் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். வயிறு உப்பினால் பாலை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தீரவில்லையா? பாலைத் திரும்பச் சேர்த்துச் சிக்கரியை நிறுத்துங்கள். ரெண்டையும் சேர்த்து நிறுத்தினால் காரணம் தெரியாது. ஒரே வயலில் ரெண்டு புது மருந்து அடித்துவிட்டு எது வேலை செய்தது என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான். நிறைய காப்பி குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியும் சோர்வும் சில நாள் வரும், படிப்படியாகக் குறைப்பது நல்லது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், இரவில் எழுப்பிவிடும் வயிற்றுவலி இருந்தால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். "காப்பி ஒத்துக்கல டாக்டர்" என்பதைவிட, "சிக்கரி இல்லாத காப்பி ஒத்துக்குது, பால் சேர்ந்தா உப்புது" என்று சொன்னால் அவருக்கும் வேலை எளிது.