கொள்ளுத்தாத்தாவை எந்த ஆபீஸில் தேடுவது?

தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயர் திதி கொடுக்கும்போது ஐயர் கேட்டதால் தெரியும். அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் "பெரியவர் இருந்திருந்தா சொல்லியிருப்பார்" என்பதுதான் பதில். வம்சாவளி தேடிக் கிளம்புகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள் சில.

கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு, இறப்பைப் பதிய 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் அதை எழுதியவர் மணியக்காரர். பெயர் வைப்பதற்கு முன்பே எழுதிவிடுவதால் பல பக்கங்களில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்பதோடு சரி. தகப்பன் பெயர், ஊர், உத்தேச வருடம் மூன்றும் கையில் இருந்தால்தான் தேடச் சொல்லவே முடியும். இறப்புப் பதிவு இதைவிட உதவும்; அதில் ஆளுக்குப் பெயராவது இருக்கும். வயதை மட்டும் நம்ப வேண்டாம். யாரோ சொன்ன உத்தேசக் கணக்கு அது.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

நிலத்திலிருந்து. நம்மூரில் சர்க்கார் ஆளைப் பற்றி எழுதி வைத்தது குறைவு; வரி கட்டும் மண்ணைப் பற்றி எழுதி வைத்தது அதிகம். ஆளைத் தேடினால் அகப்பட மாட்டார், அவர் உழுத வயலைத் தேடினால் வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் இருக்கும் பட்டாவில் சர்வே எண்ணைப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு (யு.டி.ஆர்.) வேலையில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள். பெரும்பாலும் தாத்தாவோ அவர் அப்பாவோ அங்கே இருப்பார். அடுத்து வில்லங்கச் சான்று. 1975-க்குப் பிந்தையதைப் பெரும்பாலும் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். முந்தையதற்கு சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டு, தேடுகூலி கட்ட வேண்டும். வில்லங்கத்தில் வரும் பத்திர எண்ணை வைத்து நகல் வாங்கிவிட்டால் பாதிக் கதை வந்துவிடும்.

பத்திரங்களில் பாகப்பிரிவினைதான் பொக்கிஷம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். இறந்துபோனவரின் பங்கில், 'மைனர் ராமசாமி, வயது 8, மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான மீனாட்சி' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த ஒற்றை வரியில் தாத்தாவின் வயது, அவர் தகப்பன் அதற்குள் காலமாகிவிட்ட சேதி, எந்தப் பட்டாவிலும் ஏறாத கொள்ளுப்பாட்டியின் பெயர் மூன்றும் கிடைத்துவிடும். கடைசிப் பக்கத்தில் மீனாட்சியின் இடது கைப் பெருவிரல் ரேகை என்று குறித்திருப்பார்கள். நம் பெண்கள் காகிதத்தில் தலைகாட்டிய இடம் பெரும்பாலும் இப்படித்தான்: புருஷன் போன பிறகு.

ஒரு எச்சரிக்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஒரே புலத்தில் இரண்டு ராமசாமி வந்தால் தகப்பன் பெயரைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். நானே ஒருமுறை அறுபது வருடத்தை விழுங்கி, தாத்தாவின் தாத்தாவைத் தாத்தாவாக்கியிருக்கிறேன்.

அடுத்தவர் பத்திரத்தை நமக்குக் காட்டுவார்களா?

காட்ட வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டும்தான் நகல். காலமான பிறகு கேட்பவர் யாருக்கும் உண்டு. 4-ஆம் புத்தகம் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்கானது.

பத்திரங்களில் வரும் பசலி என்கிற வரிக்கணக்கு வருடம், தமிழ் வருடம் எல்லாம் குழப்புகிறதே?

பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருடம். பசலி 1350 என்றால் 1940 ஜூலையில் தொடங்கியது. தமிழ் வருடம்தான் ஆளைக் கவிழ்க்கும். 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம்.

சென்சஸில் பார்க்க முடியாதா?

முடியாது. இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பை 2022-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் இங்குள்ள தாள்களை யாரும் பார்வையிட விடாது.

கோயில் ஊழியம், மானியம் என்று சொல்லக் கேள்வி. அதற்கு ஆதாரம்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைக் கேளுங்கள். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன், மானியத்தை முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன முறை என்று தனிக் கட்டமே போட்டு எழுதியது. வம்சாவளியை வேறு யாரோ உங்களுக்காக எழுதி வைத்த மாதிரி.

எங்களுக்குக் காணி நிலம்கூட இருந்ததில்லை. நாங்கள் எங்கே போவது?

நியாயமான கேள்வி. மேலே சொன்னது எல்லாம் உள்ளவர்களுக்குத்தான். உள்ளூரில் பழைய பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடும், கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடும் இருக்கின்றன.

ஆனால் குடும்பத்தில் யாராவது கப்பலேறிப் போயிருந்தால் நிலைமை தலைகீழ். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். முதல் கப்பலான 'ட்ரூரோ' இங்கிருந்துதான் கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. ஊரில் ஒரு சென்ட் இல்லாதவரின் முழங்கால் தழும்பு டர்பன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பண்ணையாரின் தழும்பை எவரும் எழுதவில்லை. மொரிஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் உண்டு. சிலருக்குப் போட்டோவே இருக்கிறது.

பெயர்களைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆகியிருக்கிறார். 'டிரிபடூர்' என்றிருந்தால் திருப்பத்தூர். உடனே பக்கத்துக் கட்டத்தில் ஜில்லாவைப் பாருங்கள். சேலம் என்றால் வடக்கே இருக்கும் திருப்பத்தூர், மதுரை என்றால் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர். அந்தக் காலத்து ஜில்லா எல்லை அப்படி.