கண்வலிக் கிழங்கும் சுடுகாட்டு மல்லியும்

ஐப்பசி, கார்த்திகையில் திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் போனால், முள்கிளுவை வேலிகளிலும் கம்பிகளிலும் செங்காந்தள் சிவப்பும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. பயிர் செய்பவர்களுக்கோ அது வெறும் 'கண்வலி'. இந்த வருசம் எத்தனை ஏக்கர் கண்வலி, விதை என்ன விலை என்பதுதான் அங்கே பேச்சு. வண்டை நம்பினால் காய்ப்பிடிப்பு போதாது என்று, காலை நேரத்தில் பூப்பூவாகத் தொட்டுக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். முற்றிய காயைப் பறித்து உலர்த்திப் பிரிக்கும் விதை, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். இவ்வளவு பாடுபட்டு விளைவித்ததில் ஒரு பிடியைக்கூட யாரும் வாயில் போட மாட்டார்கள். போட்டால் உயிருக்கு ஆபத்து.

அந்த விதைக்குள் இருப்பது கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு. பெல்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820இல் ஐரோப்பாவின் கோல்ச்சிகம் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்ததும் அதே இருவர்தான், அதே ஆண்டில்தான். கோல்ச்சிகமும் செங்காந்தளும் ஒரே தாவரக் குடும்பம். ஆறாம் நூற்றாண்டிலேயே பைசாந்திய மருத்துவர் ஒருவர் மூட்டுவலிக்குக் கோல்ச்சிகம் இனக் கிழங்கைக் கொடுத்திருக்கிறார். செடி மட்டும் நம் மூட்டுவலியை நினைத்து இதைத் தயாரிப்பதில்லை. மேய வரும் ஆட்டையும் அரிக்க வரும் புழுவையும் விரட்டத்தான் இந்தக் கசப்பு.

கோல்ச்சிசின் பிடித்துக்கொள்ளும் இடம் டியூபுலின் என்ற புரதம். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிரிப்பதுபோல, செல்லுக்குள் இந்தப் புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழாய்களாகும், பிறகு கலையும். செல் இரண்டாகப் பிரிவதும் வெள்ளணு நகர்வதும் இந்தக் குழாய்களைக் கொண்டுதான். கோல்ச்சிசின் ஒட்டிக்கொண்டால் அடுக்குவது நின்றுபோகும். 'கவுட்' நோயில் யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்க, வெள்ளணுக்கள் அங்கே படையெடுத்துக் கால் பெருவிரலைச் சிவக்க வீங்க வைக்கும். அந்தப் படையெடுப்பை மருந்து தடுக்கிறது. யூரிக் அமிலத்தை அது குறைப்பதில்லை. வலி போனதும் நோயே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அழற்சியை அடக்கினால் இதயத்துக்கும் நல்லதா? மாண்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஆய்வில் மாரடைப்பிலிருந்து மீண்ட 4,745 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கோல்ச்சிசின், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 5.5 சதவீதம் என 2019இல் முடிவு வந்தது. 2023இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதய நோய்க்கும் இதற்கு அனுமதி தந்தது. அடுத்த ஆண்டே, மாரடைப்பு கண்ட ஏழாயிரம் பேரிடம் நடந்த மற்றொரு பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு ஆய்வின் தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஓடக் கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கவுட் வலிக்கு மொத்தம் 4.8 மில்லிகிராம் கொடுத்த பழைய முறையை 1.8 மில்லிகிராமோடு ஒப்பிட்டது 2010இல் வெளியான ஆய்வு. வலி குறைவதில் வித்தியாசம் இல்லை, வயிற்றுப்போக்கு மட்டும் பழைய முறையில்தான் மிக அதிகம். கிளாரித்ரோமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தைச் சேர்த்துச் சாப்பிட்டாலே உடலில் கோல்ச்சிசின் தேங்கி நஞ்சாகிவிடலாம். செடியைத் தின்றால் கணக்கே கிடையாது. கிழங்கை உணவுக் கிழங்கென்று நினைத்துச் சமைத்துத் தின்றவர்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். வாந்தி, பேதி, உறுப்புகள் செயலிழப்பு, பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் கொத்துக்கொத்தாக முடி உதிர்தல். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை. சித்த மருத்துவர்களும் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை.

தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களிலும் வீட்டு வாசல்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியின் கதையும் அதே டியூபுலினில்தான் போய் முடிகிறது. சுடுகாட்டு மல்லி என்று பலரும் வீட்டில் வைக்கத் தயங்கும் இந்தச் செடியின் பூர்விகம் மடகாஸ்கர். சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேரில் ஜமைக்காவில் அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் கனடாவின் ராபர்ட் நோபிளுக்குப் போய்ச் சேர்ந்தன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது வெள்ளணுதானே! அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். எலி லில்லி நிறுவனத்தில் கண்டெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்துகளில் இன்றும் அதற்கு இடமுண்டு.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கும் மேல் காய்ந்த இலை வேண்டும். அதற்காக நான்கு இலையை மென்றால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிட முடியாது. இலையில் வேறு பல ஆல்கலாய்டுகளும் உண்டு, எது எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. அளந்து ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்திலேயே கைகால் மரத்துப்போவது உண்டு, ஏனெனில் நரம்பிழைகளுக்கும் அந்த நுண்குழாய்கள் தேவை. 'மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது' என்று மேடைதோறும் முழங்குபவர்கள் இந்த இரண்டு செடிகளையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எல்லா மூலிகையும் இப்படி மிரட்டுவதில்லை. உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பேரைச் சுமந்து செல்லும் நிலாவிரையின் சென்னோசைடுகள் சிறுகுடலில் பெரும்பாலும் உட்கிரகிக்கப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் மாற்றப்பட்ட பிறகே மலமிளக்கியாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவும் உண்டு.

ஆய்வகங்கள் இப்போது செடியையே தாண்டிப் போகப் பார்க்கின்றன. செங்காந்தள் கோல்ச்சிசினை உண்டாக்கும் படிகளில் பெரும்பகுதியை அதன் மரபணுக்களைக் கொண்டே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2020இல் கண்டுபிடித்து, கோல்ச்சிசினின் முன்னோடிச் சேர்மம் ஒன்றைப் புகையிலை இனச் செடியில் உருவாக்கியது. வின்பிளாஸ்டினுக்குத் தேவையான இரண்டு மூலச் சேர்மங்களையும் ஈஸ்டில் உற்பத்தி செய்து காட்டியது 2022இல் வெளியான ஆய்வு. இரண்டும் இன்னும் வயலுக்குப் போட்டியாகும் அளவை எட்டவில்லை. எட்டினால் மருந்து மலிவாகலாம். மூலனூர் விவசாயிக்கு அது வேறு கணக்கு: கிழங்கு விலை, பந்தல் செலவு, மகரந்தம் சேர்க்கக் கூலி எல்லாம் முன்பே கொடுத்தாக வேண்டும், விதை விலையோ வியாபாரி வந்து சொன்னால்தான் தெரியும்.