நாளுக்கு ஒரு கணக்கு

சங்கத்திலே நூலுக்கு இருப்புப் புத்தகம் உண்டு. துணிக்கும் கூலிக்கும் பேரேடு உண்டு. விதைக்கும் உரத்துக்கும் ரசீது உண்டு. ஆண்டுதோறும் தணிக்கையாளர் வந்து அவற்றைப் புரட்டிப் பார்க்கிறார். ஆனால், இவ்வளவையும் உழைத்து உண்டாக்கும் அங்கத்தினர், தம்முடைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதற்குக் கணக்கு வைத்திருப்பதை நாம் அரிதாகவே காண்கிறோம்.

அமெரிக்காவிலே இது ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. 2007-ஆம் ஆண்டில் கேரி வுல்ஃப், கெவின் கெல்லி என்னும் இரு பத்திரிகையாளர்கள் கலிபோர்னியாவில் அதைத் தொடங்கினர். தூக்கம், உணவு, எடை, நடை, மனநிலை ஆகிய எல்லாவற்றையும் எண்ணாகக் குறித்து, அவ்வெண்ணைக் கொண்டு தம்மைத் திருத்திக்கொள்வது அவர்கள் முறை. இன்று கைபேசியும் கைக்கடிகாரமும் இவ்வேலையைத் தாமே செய்கின்றன. கருவி புதிது, பழக்கமோ மிகப் பழையது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பிறந்தவர்; பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்தியவர். இளமையிலேயே அவர் மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம், முயற்சி முதலாகப் பதின்மூன்று குணங்களைத் தேர்ந்து, ஒரு சிறு புத்தகத்தில் அவற்றுக்குக் கட்டம் போட்டார். குறுக்கே வாரத்தின் ஏழு நாட்கள். நெடுக்கே பதின்மூன்று குணங்கள். இரவில் அன்றைய நாளை எண்ணிப் பார்த்து, தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி வைப்பார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதின்மூன்றையும் ஒரே வாரத்தில் திருத்த அவர் முற்படவில்லை. வாரத்திற்கு ஒரு குணத்தையே முதன்மையாகக் கொண்டார். தோட்டத்தில் களையெடுப்பவன் ஒரு பாத்தியை முடித்தபின்னரே அடுத்த பாத்திக்குச் செல்வான் என்பது அவர் காட்டிய உவமை. உழவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிடவே, ஈரப் பஞ்சினால் துடைக்கத்தக்க தந்த ஏடுகளுக்கு மாறினார்.

அவருக்குக் கடைசிவரை கைவராதது ஒழுங்கு என்ற குணம். கூலிக்கு அச்சடிப்பவன் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஊராருடன் பழகி, வாடிக்கைக்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் இடங்கொடுக்க வேண்டிய முதலாளியால் அது இயலாது என்று அவரே எழுதியிருக்கிறார். புள்ளி எவ்விடத்தில் மிகுதியாக விழுகிறதோ, அவ்விடத்தில் குற்றம் ஆளினுடையதா, தொழிலின் அமைப்பினுடையதா என்று கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது.

காந்தியடிகள் 1888-இல் சட்டம் படிக்க லண்டனுக்குச் சென்றார். அங்கே பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை என ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கைக்குப் போகுமுன் மீதியைச் சரிபார்ப்பார். அக்கணக்கைப் பார்த்தபோது வண்டிக் கட்டணமே பலமுறை வந்திருப்பது புலனாயிற்று. உடனே செலவைப் பாதியாக்கத் துணிந்தார். குடும்பமொன்றோடு தங்கியிருந்ததை விட்டு, செல்ல வேண்டிய இடத்தை அரைமணி நேரத்தில் நடந்து அடையக்கூடிய அறைக்கு மாறினார். பணம் மிஞ்சியதோடு நாளுக்கு எட்டு, பத்து மைல் நடையும் கிடைத்தது. எழுதி வைத்ததனால் மட்டும் செலவு குறையவில்லை. எழுதியதைப் படித்து வீட்டை மாற்றியதனால் குறைந்தது.

பிறர் வகுத்த எண்ணை நம் எண்ணாகக் கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். நாளுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்று பலரும் சொல்கின்றனர். 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் நடையளவிக்கு ‘பதினாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரிட்டு விற்றது. எண் பரவியது அதிலிருந்துதான். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி 72 வயதுடைய பெண்களிடையே நடத்தப்பட்டது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் அந்நன்மை கூடவில்லை. மேலும், கையில் கட்டும் கருவி கையின் அசைவைக் கொண்டே அடிகளை எண்ணுகிறது. காலை முதல் மாலை வரை குழித்தறியில் மிதிக்கும் கால்களை அது எங்கே அறியப்போகிறது!

நம் அங்கத்தினருக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். நெசவாளர் தறியில் உட்கார்ந்த நேரம், நெய்த முழம், அறுந்த இழைக்கு முடிச்சிடச் சென்ற நேரம், நூல் வராமல் காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் குறிக்கலாம். உழவர் தண்ணீர் பாய்ச்சிய நாளையும், கூலியாள் செலவையும், மழையையும் குறிக்கலாம். எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கினால் பத்து நாளில் புத்தகம் பரணுக்குப் போய்விடும். ஒன்றோ இரண்டோ போதும், விளக்கணைக்குமுன் எழுதுக, மாதம் ஒருமுறை கூட்டிப் பார்க்க.

கூட்டிப் பார்க்கையில் முழம் குறைந்ததற்குச் சோம்பல்தான் காரணம் என்று தெரியவரலாம். அது தாமே திருத்திக்கொள்ள வேண்டியது. நூலுக்காகக் காத்திருந்த நேரமே மிகுதி என்றும் தெரியவரலாம். அதற்கு எந்த வைராக்கியமும் உதவாது. வேளையில் நூல் வழங்குவது சங்கத்தின் பொறுப்பு. அத்தகைய அங்கத்தினர் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம்.